மைக்கில் குரல் சன்னம், ஏற்றினால் இரைச்சல்: கதை வாசிப்புக்கு என்ன செய்யலாம்?

மாடிவீட்டுக்குரல்:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே ஒலிநூல்களுக்குக் குரல் கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஒரு இடத்துக்கு மாதிரி அனுப்பினேன். குரல் பிடித்திருக்கிறது, ஆனால் பதிவு தேறவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்பது: ஆர்எம்எஸ் அளவு, அதாவது சராசரிச் சத்தம், -23க்கும் -18 டெசிபலுக்கும் நடுவில், உச்சம் -3ஐத் தாண்டக்கூடாது, பேசாத இடத்தில் இரைச்சல் -60க்குக் கீழே. ஆடாசிட்டி என்கிற பதிவு மென்பொருளில் அளந்து பார்த்தேன். என் குரல் -38இல் கிடக்கிறது. ஆம்ப்ளிஃபை போட்டு -20க்கு ஏற்றினால் இரைச்சல் -46க்கு வந்து நிற்கிறது.

என்னிடம் இருப்பவை: கையில் பிடித்துப் பாடுகிற வகை டைனமிக் மைக், இங்கேயே ஒலிபெருக்கிக் கடையில் வாங்கியது. மைக்கை லேப்டாப்போடு இணைக்க, இரண்டு உள்ளீடு உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். விண்டோஸ் லேப்டாப். மைக்கோடு கொடுத்த ஒயரையே இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் நடுத்துளையில் செருகியிருக்கிறேன்.

கெயின் குமிழை முழுக்கத் திருப்பினாலும் பச்சை விளக்கு லேசாகத்தான் மினுக்குகிறது. "இன்ஸ்ட்" என்று ஒரு பட்டன், அதை அழுத்தினால் குரல் கொஞ்சம் கூடுகிறது, இரைச்சலும் கூடவே வருகிறது. 48 வோல்ட் பட்டனைப் போட்டாலும் அணைத்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இரைச்சல் இரண்டு விதம். ஒன்று "ஸ்ஸ்ஸ்". இன்னொன்று "ம்ம்ம்" என்று தாழ்வாக ஓர் உறுமல். மைக்கின் உடம்பைக் கையால் பிடித்தால் அந்த உறுமல் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப் ஓரத்தைத் தடவினால் விரலில் லேசாக ஒரு சுரசுரப்பு. இதெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பா என்று தெரியவில்லை.

மேஜையில் லேப்டாப், அதற்குப் பின்னால் மைக் ஸ்டாண்டு. வாய்க்கும் மைக்குக்கும் ஒன்றரை அடி இருக்கும். சன்னக் குரலையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வாங்கிவிடு என்கிறார் வீட்டுக்காரர். மூவாயிரம் ரூபாய் வரை போடலாம். வாங்கலாமா?


புதுக்குரல்:

சந்தேகமே வேண்டாம், கண்டென்சர்தான். டைனமிக் மைக் மேடைக்கு. யூடியூபில் எல்லாரும் கண்டென்சர்தான் வைத்திருக்கிறார்கள். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டிவிடுங்கள், எதிரொலியும் போய்விடும், செலவும் கம்மி.


செட்டுக்காரர்:

தங்கச்சி, கண்டென்சரும் வேண்டாம், முட்டைத் தட்டும் வேண்டாம். முதலில் அந்த ஒயரைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் மைக் செட் போடுகிறவன். குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து கோயில் விழா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது மகன் செட்டைப் பார்த்துக்கொள்கிறான், நான் வீட்டில் உட்கார்ந்து கிராமத்துப் பாட்டுக்காரர்களைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். அதனால் ஒயர் விஷயத்தில் என் பேச்சைக் கொஞ்சம் நம்பலாம்.

ஒயரின் மைக் பக்கம் மூன்று துளை உள்ள முனை இருக்கும். அதை நாங்கள் கேனன் என்போம், கடையில் எக்ஸ்எல்ஆர் என்றாலும் கொடுப்பார்கள். மறுமுனையில் என்ன இருக்கிறது? நடுத்துளையில் செருகினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே தெரிந்துவிட்டது. ஒற்றைக் குச்சி மாதிரி, நுனிக்குக் கீழே ஒரே ஒரு கறுப்பு வளையத்தோடு இருக்கும். அது பி-38 மோனோ. மேடை ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் மைக் உள்ளீடே பி-38தான், அதனால் இந்த வகை மைக்குகள் பலவற்றோடு அந்த ஒயர்தான் வரும். கடைக்காரர் மேல் தப்பில்லை.

ஆனால் உங்கள் இன்டர்ஃபேஸின் முகத்தில் இருப்பது காம்போ துளை. சுற்றிலும் மூன்று சின்னத் துளை, நடுவில் ஒரு பெரிய துளை. மூன்று துளையில் கேனனைச் செருகினால் உள்ளே மைக் ப்ரீஆம்புக்கு, அதாவது பொடி சிக்னலைப் பெருக்குகிற பாகத்துக்குப் போகும். நடுத்துளையில் பி-38 செருகினால் அது கீபோர்டும் கிடாரும் போகிற வழி. கீபோர்டு கிட்டத்தட்ட ஒரு வோல்ட் கணக்கில் தரும். மைக் தருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட், சாதாரணப் பேச்சுக்கு அதுவும் இல்லை. ஷூர் எஸ்எம்58 இருக்கிறதே, 1966இலிருந்து மேடையில் நிற்கிற மைக், அதுவே 94 டெசிபல் சத்தத்துக்கு 2 மில்லிவோல்ட்டுக்கும் கொஞ்சம் கீழேதான் தரும். 94 டெசிபல் என்றால் மைக்கை ஒட்டிக்கொண்டு உரக்கப் பேசுகிற அளவு. ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்து நீங்கள் கதை சொல்கிற குரல் அதில் இருபத்தைந்து டெசிபல் போலக் குறைவாக இருக்கும். இவ்வளவு பொடி சிக்னலை கிடார் வழியில் அனுப்பினால் விளக்கு எப்படி எரியும்?

'இன்ஸ்ட்' அழுத்தினால் கூடுவதும் இதனால்தான், அது கிடாருக்கான நிலை. 48 வோல்ட் என்பது கண்டென்சர் மைக்குகளுக்கான கரண்ட், கேனன் துளைகளுக்கு மட்டும்தான் போகும், நடுத்துளைக்கு வராது. அதான் உங்களுக்கு மாற்றம் தெரியவில்லை. டைனமிக் மைக்குக்கு அது தேவையும் இல்லை, அணைத்தே வையுங்கள்.

உறுமலுக்கும் பாதிக் காரணம் அந்த ஒயர். கேனனில் 1ஆம் பின் ஷீல்டு, 2உம் 3உம் குரல். குரல் அந்த இரண்டு கம்பியிலும் நேரெதிராக வரும். வழியில் வந்து ஒட்டுகிற உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். ப்ரீஆம்ப் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கிறது, குரல் நிற்கும், உறுமல் அடிபட்டுப் போகும். பி-38 மோனோ ஒயரில் 3ஆம் பின்னை 1ஓடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். கழிப்பதற்கு எதிர்க்கம்பியே கிடையாது, ஒட்டினது அத்தனையும் உள்ளே வரும்.

ஆகவே வாங்க வேண்டியது இரண்டு பக்கமும் கேனன் உள்ள மைக் ஒயர். ஒரு பக்கம் பெண், ஒரு பக்கம் ஆண், மூன்று மீட்டர் போதும். சில நூறு ரூபாயில் முடியும். "கேனன் டு கேனன்" என்று கேளுங்கள். பி-38ஐக் கேனனுக்கு மாற்றுகிற குட்டி அடாப்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள், உள்ளே அதே 1-3 சேர்ந்த கதைதான்.

அது வருவதற்குள் இரண்டு வேலை செய்து பாருங்கள். சார்ஜரை உருவிவிட்டு பாட்டரியில் பத்து வினாடி சும்மா பதிவு செய்யுங்கள், உறுமல் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். அப்புறம் மைக்கைக் கனத்த போர்வையில் சுற்றி, துணி அலமாரிக்குள் வைத்து, அதே கெயினில் இன்னொரு பத்து வினாடி. அதிலும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது கம்பி வழியாக வருவது. குறைந்தால் உங்கள் அறையின் சத்தம். மைக்கைக் கழற்றிவிட்டு அளந்து பார் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். வெறும் உள்ளீடு தனக்கென்று ஒரு இரைச்சல் போடும், அந்தக் கணக்கு ஏமாற்றும்.


ராக்கோழி:

அண்ணன் சொன்ன ஒயர் விஷயம் சரி. ஆனால் அதோடு முடியாது என்று நினைக்கிறேன். நான் சென்னையில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன், ராத்திரி தெரு அடங்கியபின் பதிவு. டைனமிக் மைக்கை இன்டர்ஃபேஸில் நேரடியாகப் போட்டால் கெயின் கடைசி வரை போக வேண்டியிருக்கும், விலை குறைந்த ப்ரீஆம்புகளில் கடைசிக் கால் பாகத்தில்தான் "ஸ்ஸ்ஸ்" எகிறும். ஷூர் எஸ்எம்7பி வாங்கிய எல்லாரும் இந்தச் சுவரில் முட்டியிருப்பார்கள், அதற்கு 60 டெசிபல் கெயின் வேண்டும். அதற்குத்தான் நடுவில் ஒரு பூஸ்டர், மைக் சிக்னலை ஏற்றிக் கொடுக்கிற குட்டிக் கருவி. ஃபெட்ஹெட் 27 டெசிபல் தரும், கிளவுட்லிஃப்டர் 25. இரண்டும் 48 வோல்ட்டில் ஓடும், மைக்குக்கு அந்த வோல்ட் போகாது.

இல்லையென்றால் மென்பொருளில் ஒரு நாய்ஸ் கேட் போடுங்கள். பேசாத இடத்தை மொத்தமாக அடைத்துவிடும், -60 எல்லாம் ஒரு விஷயமே இல்லை.


செட்டுக்காரர்:

ராக்கோழி தம்பி, பூஸ்டர் நல்ல பொருள்தான், ஆனால் இவங்களுக்கு இப்போது வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாய்க்கும் மைக்குக்கும் 18 அங்குலம். அதை 9 ஆக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும். இன்னும் பாதியாக்கி நாலரை அங்குலத்துக்கு வந்தால் இன்னொரு 6. மொத்தம் 12 டெசிபல், காசில்லாமல். பூஸ்டர் கொடுப்பதில் பாதி இதிலேயே வந்துவிட்டது. அதைவிட முக்கியம், பூஸ்டர் போட்டால் குரலோடு அறைச் சத்தமும் சேர்ந்து ஏறும். கிட்டே வந்தால் குரல் மட்டும் ஏறும், ஃபேனும் தெருவும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தங்கச்சி, லேப்டாப்பைப் பக்கவாட்டில் தள்ளிவையுங்கள், மைக் முன்னால் வரட்டும். விரல் வைத்து அளந்தால் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஆறு விரல் அகலம்தான் இருக்க வேண்டும். நேராக வாய்க்கு எதிரே வேண்டாம், கடைவாய்ப் பக்கம் தள்ளி, உதட்டைப் பார்த்தபடி சாய்த்து வையுங்கள். இல்லையென்றால் "பாப்பா", "பம்பரம்" என்று வருகிற இடமெல்லாம் குபுக் குபுக்கென்று காற்று அடிக்கும். இவ்வளவு கிட்டே வந்தால் குரலில் அடிக்கனம் கூடும், இந்த வகை மைக்கெல்லாம் அப்படித்தான். பதிவுக்குப் பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டிவிடுங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் அடி உறுமலும் அதிலேயே கொஞ்சம் போகும். 100, 150இல் வருகிற அதன் குட்டிகள் போகாது, அவை ஒயராலும் எர்த்தாலும்தான் போகும்.

நாய்ஸ் கேட் பற்றி எனக்குக் கடுப்பு உண்டு, சொல்லிவிடுகிறேன். விளம்பரத்துக்குச் சரி, அங்கே பின்னால் மியூசிக் ஓடும். கதை வாசிப்புக்கு ஆகாது. தமிழில் "வந்து", "போச்சு", "ஆத்துக்கு", "காத்து" என்று ஏராளமான சொல் கடைசியில் ஒரு அரை உகரத்தில்தான் முடிகிறது. அந்த 'உ' மூச்சு மாதிரிதான் இருக்கும். கேட் அதைப் பேச்சு என்றே எடுத்துக்கொள்ளாது, கதவைச் சாத்திவிடும். ஒவ்வொரு வாக்கியமும் வாலறுந்து கேட்கும், கேட்பவருக்கு என்ன குறை என்று தெரியாது, ஆனால் களைப்பாக இருக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனும் அளவாகத்தான். அதிகமாக அழுத்தினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். இரைச்சலைப் பதிவில் விட்டுவிட்டு அப்புறம் எடுப்பது சோறு வடித்த பிறகு கல் பொறுக்குகிற வேலை.

கண்டென்சர் விஷயம், புதுக்குரல் தம்பிக்கும் சேர்த்து: ஏடி2020 மாதிரி ஒரு கண்டென்சர் 94 டெசிபலுக்கு 14 மில்லிவோல்ட் தரும். ஏழு மடங்குக்கும் மேல். லெவல் பிரச்சினை தீரும். ஆனால் பொதுவாக அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பேசுவார்கள். வெறும் சுவர் உள்ள மாடி அறையில், பக்கத்து வீட்டு மிக்ஸி, பால்காரர் சைக்கிள் எல்லாம் கதைக்குள் வந்து உட்காரும். அந்த மாதிரி அறைக்கு டைனமிக்கைக் கிட்டே வைத்துப் பேசுவதுதான் என் கட்சி. மூவாயிரத்துக்குள் ஆன்லைனில் கிடைக்கிற கண்டென்சர்களில் சிலது 3.5 எம்எம் ஒயரோடு வரும், லேப்டாப் துளையின் சொற்ப வோல்ட்டில் இழுத்துப்பிடித்து ஓடும். அந்த இரைச்சலுக்கு உங்கள் இப்போதைய பதிவே தேவலாம்.

முட்டைத் தட்டு எதிரொலியில் மேல்ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் கலைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. பின்னால் ஒரு கட்டில் மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள், போதும்.


மாடிவீட்டுக்குரல்:

அண்ணே, பி-38தான்! நீங்கள் சொன்னபடியே நுனியில் ஒரே வளையம். பெரிய கடைத்தெருவில் கேனன் டு கேனன் வாங்கிவந்தேன். அடாப்டரையும் எடுத்து வைத்தார் கடைக்காரர், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கெயின் முக்காலில் வைத்தாலே இப்போது குரல் -24 வருகிறது. கதையில் கிழவி கத்துகிற இடத்தில் உச்சம் -8. மைக் அரை அடிக்கும் குறைவாக, ஓரமாக. பாட்டரியில் ஓட்டினால் பேசாத இடம் -72. நாலு டெசிபல் ஏற்றி -20க்குக் கொண்டுவந்தாலும் -68. அவர்கள் கேட்டது -60.

இரண்டு விஷயம் பாக்கி. சார்ஜர் போட்டால் உறுமல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, முன்பு போல் இல்லை, -64. போர்வைச் சோதனையிலும் மாறவில்லை. இரண்டாவது, ஹெட்ஃபோனில் குரல் இடது காதில் மட்டும் கேட்கிறது. இது புதிதாகக் கெட்டதா?


செட்டுக்காரர்:

இடது காது விஷயம் கெட்டதல்ல. மைக் முதல் உள்ளீட்டில் இருக்கிறது, ஆடாசிட்டி இரண்டு உள்ளீட்டையும் ஒரு ஸ்டீரியோ ட்ராக்காக எடுக்கிறது. முதலாவது இடம், இரண்டாவது வலம். ரெக்கார்டிங் சானலை மோனோ என்று மாற்றுங்கள், முடிந்தது. கதைக்கு மோனோதான் சரியும்கூட. ப்ராஜெக்ட் ரேட் 44100 என்று வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் சவுண்டு அமைப்பிலும் அதே எண். இரண்டும் வேறு வேறாக இருந்தால் விண்டோஸ் நடுவில் மாற்றிக்கொண்டே இருக்கும். அங்கேயே 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். தானாக ஏற்றி இறக்குகிற எதுவும் கதைக்கு வேண்டாம்.

சார்ஜர் உறுமல்: பிளக்கில் இரண்டு பின்னா, மூன்றா? விரலில் சுரசுரக்கிறது என்றீர்களே, அது லேப்டாப் உடம்புக்கு எர்த் இல்லாததன் அடையாளம். சார்ஜருக்குள் இரைச்சல் வடிக்க வைத்திருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சூண்டு கசிவு வெளி உடம்புக்கு வருகிறது. ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் அதே கசிவு யூஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸுக்கும் மைக் உடம்புக்கும் போகிறது. நீங்கள் மைக்கைப் பிடித்தால் குறைந்ததும் அதனால்தான், உங்கள் உடம்பு வழியாக ஒரு போக்கிடம் கிடைக்கிறது.

இரண்டு பின் என்றால், அதே லேப்டாப்புக்கு மூன்று பின் உள்ள சார்ஜர் கிடைக்கிறதா என்று பாருங்கள். மூன்று பின்தான் இருக்கிறது என்றால், சுவரில் உள்ள பிளக் பாயிண்டுக்கு எர்த் கம்பி வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மேல்துளை வெறும் அலங்காரமாக இருக்கும். இதை வைத்து விளையாட வேண்டாம், நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். அப்புறம் எவனாவது "எர்த் பின்னை வெட்டிவிடு, ஹம் போய்விடும்" என்று சொன்னால் அவன் பக்கத்திலேயே உட்காராதீர்கள். மேடையில் மைக்கைப் பிடித்தவர் ஷாக் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கசிவை நடுவில் மறிக்க யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். மலிவான பலதும் 12 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும், உங்கள் இன்டர்ஃபேஸ் அதில் வேலை செய்யாமல் போகலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் படியுங்கள், அதைவிட எளிய வழி கிடையாது.


ராக்கோழி:

-72க்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, பூஸ்டர் தேவையில்லை. கேட் பற்றியும் பழைய பதிவு ஒன்றை எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். "வீட்டுக்கு" என்று முடிகிற இடத்தில் "வீட்டுக்" என்றுதான் நிற்கிறது.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: கைபேசியை மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். 2ஜியில் நிற்கிற போன் டவரோடு பேசும்போது வினாடிக்கு 217 தடவை துடிக்கும். அந்த "டிட்டிட்டி டிட்" நல்ல பதிவின் நடுவில்தான் வரும். ஏரோப்ளேன் மோடில் போட்டால் போதும்.


மாடிவீட்டுக்குரல்:

இரண்டு பின் சார்ஜர்தான். இப்போதைக்குப் பாட்டரியில் படிக்கிறேன், ஓர் அத்தியாயம் முடிவதற்குத் தாங்குகிறது. புது மாதிரியை அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. ஃபேன் இல்லாமல் சித்திரையில் அரைமணி நேரம் உட்கார முடியவில்லை. ரெகுலேட்டரை இரண்டில் வைத்து ஓட்டிப் பார்த்தேன், காற்றுச் சத்தம் குறைவுதான், ஆனால் பதிவில் "ர்ர்ர்" என்று வேறு ஒன்று வருகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடினால் அது இன்னும் மோசம்.


செட்டுக்காரர்:

அந்த "ர்ர்ர்" காற்று இல்லை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் ஒரு வகை கரண்ட் அலையை நடுவில் வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கும். அந்த வெட்டில் ஃபேன் மோட்டாரும் உறுமும், ஒயர்களும் சேர்ந்து பாடும். ஐந்தில் வைத்தால் வெட்டு இருக்காது, "ர்ர்ர்" போகும், காற்றுச் சத்தம் வரும். கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் மாட்டினால் இரண்டிலேயே ஓட்டலாம்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் இல்லாத பழைய வகையாக இருக்கும். அது கொடுப்பது சதுர அலை, 50க்கு மேல் 150, 250, 350 என்று வரிசையாக உறுமும். கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த அறையில் ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிட்டு, லேப்டாப்பைப் பாட்டரியில் வைத்துப் படியுங்கள். வியர்த்தால் பக்கம் மாற்றுகிற இடத்தில் நிறுத்தி, ஃபேனைப் போட்டு ஆறி, அணைத்துவிட்டுத் தொடருங்கள். மைக் ஸ்டாண்டு நிற்கிற இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எழுந்துபோய் வந்து உட்காரும்போது ஒரு விரல் தள்ளி உட்கார்ந்தாலும் குரலின் கனம் மாறிவிடும், அப்புறம் ஒட்டுப் போட்டது தெரியும்.